கோட்டுக்கு வெளியே

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில் பனிமூட்டம் விலகிய மைதானம். 12 வயதுப் பையன் பந்தைத் தவறவிடுகிறான். கோட்டுக்கு வெளியே நின்று அப்பா கத்துகிறார். பையன் பந்தை விட்டுவிட்டு அப்பா முகத்தையே பார்க்கிறான். பயம் அங்கேதான் தொடங்குகிறது. நடுவரை நோக்கிப் பெரியவர் ஓங்கும் கையை, நாளை பிள்ளை எதிரணிப் பையன்மேல் ஓங்குவான்.

கைகலப்பு மூண்டால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். முதலில் பிள்ளைகளைப் பத்திரமாக ஓரிடத்தில் உட்காரவையுங்கள். பெரியவர்களின் நியாயம் பிறகு. பயிற்சி என்ற பெயரில் அடிப்பதும் கண்டிப்பு அல்ல. பொறுப்பில் இருப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 75-இன்படி அது குற்றம்.

பிள்ளை வாய்திறந்து சொன்னால் நம்புங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கோப்பை அடுத்த வருடமும் வரும். பிள்ளையின் மனசு ஒன்றுதான், அதைக் காப்பாற்றுங்கள்.