வேடிக்கைப் பேச்சும் மனச்சாட்சியும்



பிறரைச் சிரிக்க வைப்பது பாவமா என்று கேட்டால், அல்லவென்றே சொல்வேன். ஆனால் ஒரே பரிகாசம் ஒரே ஆளின்மேல் நாள்தோறும் விழுமானால் அது குற்றமாகுமா? இதைக் குறித்துச் சற்றே யோசிப்போம்.

அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு தொடங்கிய ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் சித்திர நகைச்சுவைத் தொடரில், 1990-ல் அபு என்ற இந்தியக் கடைக்காரர் தோன்றினார். சத்யஜித் ரேயின் படங்களில் வரும் அபுவை நினைவுகூர்ந்தே அப்பெயர் இடப்பட்டது. அவர் உழைப்பாளி, படித்தவர். ஆயினும் ஹாங்க் அசாரியா என்னும் அமெரிக்க நடிகர் அவருக்குக் கொடுத்த உச்சரிப்பும், வாடிக்கைக்காரரை மறுபடி வரச்சொல்லும் ஒரே வாக்கியமும் ஆண்டுக்கணக்காய் வேடிக்கையாயின.

அக்காலத்தில் அங்கே திரையில் வேறு இந்திய முகங்கள் மிகவும் அரிது. ஆகையால் அந்தக் குரலே பள்ளிகளில் நம் நாட்டவர் பிள்ளைகளுக்கு ஏளனமாய் வந்து சேர்ந்தது. அங்கே வளர்ந்த ஹரி கொண்டபோலு என்னும் நகைச்சுவைக் கலைஞர் 2017-ல் இதை ஆவணப்படமாக எடுத்துக் காட்டினார். அசாரியா 2020-ல் அக்குரலைக் கைவிட்டார். 2021-ல் மன்னிப்பும் கேட்டார். தம் மகனின் பள்ளியில் சந்தித்த ஓர் இந்திய மாணவனைப் பற்றி அப்போது சொன்னார். 17 வயதான அவன் அத்தொடரைப் பார்த்ததேயில்லை. ஆனாலும் ‘அபு’ என்பது வசைச்சொல்லென்று அறிந்திருந்தான்.

“எங்கள் எண்ணம் கெட்டதல்லவே” என்பீர்கள். மெய்தான், அறியாமல் செய்ததற்கு மன்னிப்புண்டு. ஆனால் நொந்தவன் வாய்திறந்து சொன்ன பிறகும் தொடர்ந்தால், அறியாமை என்ற சாக்கு நமக்கு இல்லை. நண்பர்களின் கேலியில் இருவரும் மாறிமாறிப் பேசுகிறார்கள். யாரும் “போதும்” என்று நிறுத்தலாம். நிறுத்தும் வலிமை ஒருவனுக்கு இல்லாதபோது அங்கே விளையாட்டு ஏது?

இது தூரதேசத்துக் கதை அல்ல. செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பளியர் பிள்ளை வகுப்பில் எழுந்து பேசும்போது, அதன் பேச்சை நம் பிள்ளை பேசிக்காட்டினால் என்ன செய்வோம்? நாமும் சேர்ந்து சிரித்தால், அப்பிள்ளை மறுநாள் வாய்திறக்காது. சில நாளில் பள்ளிக்கே வராமற்போகலாம்.

பெற்றோரே, இன்றிரவு சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “உன் வகுப்பில் யாருக்குப் பட்டப்பெயர் உண்டு? அதை வைத்தது யார்?” பிறகு பதிலைப் பொறுமையாய்க் கேளுங்கள்.