பாடசாலை மேடையும் சினிமாப் பாட்டும்

நமது பாடசாலைகளிற் பரிசளிப்பு விழாவும் ஆசிரியர் தினவிழாவும் நடைபெறுங்கால், சிறுவர் சிறுமியரைக் காமச்சுவை மிக்க சினிமாப் பாட்டுக்கு ஆடுவித்தலும், அப்பாட்டின் காட்சிகளைப் பின்னே திரையிற் காட்டுதலும் தகுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

காதலைப் பாடுதலே குற்றமென்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருக்கோவையாரின் 400 பாடல்களும் அகப்பொருளே. அப்பர் சுவாமிகளும் திருவாரூர்ப் பெருமான்மேற் காதல்கொண்ட தலைவியின் நிலையைப் பாடியருளினார். ஆயின், அவற்றைப் பயில்வோர் பொருளறிந்து பயில்வர். ஆசிரியரும் மாணவரின் பருவமறிந்தே பாடஞ்சொல்வர். மேடையில் ஆடும் 10 வயதுச் சிறுமியோ தன் அசைவுகள் குறிக்கும் பொருளை அறியாள், பார்ப்போர் அறிவர். அவளது அறியாமையைப் பிறர் களிப்புக்குக் கருவியாக்குதலே குற்றம்.

பிள்ளைகள் வீட்டிலும் கைத்தொலைபேசியிலும் நாளும் காண்பதைப் பாடசாலையில் மாத்திரம் விலக்குதலாற் பயனென்னை எனின், தெருவிற் கேட்பது வேறு, ஆசிரியர் தெரிந்தெடுத்துப் பழக்குவது வேறு. பாடசாலை மேடையேற்றுவதெல்லாம் பாடமேயாம். சபையோரின் கைதட்டல் அப்பாடத்துக்கு இடப்படும் புள்ளி.

ஆதலின், ஆசிரியர்காள்! ஒரு பாட்டைத் தெரிவுசெய்யுங்கால், அதன் ஒவ்வோரடிக்கும் அபிநயத்துக்கும் உரிய பொருளை, ஆடும் பிள்ளைக்கு அதன் தாயின் முன்னிலையிற் கூசாது சொல்ல இயலுமா என உம்மை நீரே வினவுக. இயலுமாயின் அது சினிமாப் பாட்டேயாயினும் ஆகுக. இயலாதாயின் பழைய பதமேயாயினும் விலக்குக. பழி ஆடிய பிள்ளையதன்று, ஆடுவித்தார்க்கே உரியது.