மருந்து உண்பது தவக்குலுக்கு மாற்றமா?

அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை வைத்த ஒரு முஃமின், வலியோ காய்ச்சலோ இல்லாத நாளிலும், ஆயுள் முழுவதும் ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பது அந்த நம்பிக்கைக்குக் குறையாகுமா? மதரஸாவில் கிதாபை விரித்துப் படித்த நாளில் இக்கேள்வி நமக்கு ஒரு பாடமாக மட்டுமே இருந்தது. பிறகு ஒரு தாயின் வாயிலிருந்து அதைக் கேட்டோம். அப்போதுதான் அதன் பாரம் தெரிந்தது.

நம் மஹல்லாவில் ஒரு வாலிபர். முப்பது வயது நிரம்பவில்லை. ஒரு நாள் இடது கால் வீங்கியது. ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பதாக மருத்துவர்கள் கண்டார்கள். ஆறு மாதம் மருந்து உண்டு நிறுத்தினார். மீண்டும் அதே கோளாறு. பரிசோதித்தபோது 'புரோட்டீன் எஸ்' என்னும் சத்து அவருக்குப் பிறவியிலேயே குறைவு என்று தெரிந்தது. இரத்தம் அளவுக்கு மீறி உறைந்துவிடாதபடி அல்லாஹுத் தஆலா நம் உடலுக்குள் நிறுத்தியிருக்கும் காவலர்களுள் அதுவும் ஒன்று. இக்குறை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும்; பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை உண்ண வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார்.

ரமளானுக்கு முந்திய ஜும்ஆவில் நாம் பொறுமையின் சிறப்பைப் பற்றி பயான் செய்தோம். வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டதையும், பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு என்று அவர்கள் கூற, அம்மாது பொறுமையையே தேர்ந்துகொண்டதையும் உருக்கமாகச் சொன்னோம். அவ்வளவோடு நிறுத்திவிட்டோம். அந்த வாலிபர் அன்றே மாத்திரையையும் நிறுத்திவிட்டார்!

ரமளான் பிறை 19 இரவு. தராவீஹ் ஸஃப்பில் நின்றவர் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். காலில் உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தார். மருத்துவமனையில் அவருடைய தாயார் நம்மைக் கண்டதும் குறை ஒன்றும் சொல்லவில்லை. "ஹஜ்ரத், அவன் அல்லாஹ்வ நம்பித்தானே மாத்திரைய விட்டான்? எம்புள்ள ஈமான்ல என்ன கொற?" என்று மட்டும் கேட்டார்கள். நமக்கு நா எழவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, அந்தப் பெண்மணியின் சரித்திரத்தை நாம் பாதிதான் சொன்னோம். அம்மாதுக்கு முன்னே வைக்கப்பட்டவை இரண்டு. ஒன்று பொறுமை, மற்றொன்று சுகம் வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் செய்யும் துஆ. மருந்து அங்கே பேச்சிலேயே இல்லை. இந்தச் சரித்திரத்தைக் கொண்டு மருந்தை விடுவதே மேல் என்று ஒருவர் வாதித்தால், துஆவை விடுவதும் மேல் என்றல்லவா அவர் சொல்ல வேண்டிவரும்? அப்படி எந்த முஸ்லிமும் சொல்லமாட்டார். மேலும், பொறுமையை ஏற்றுக்கொண்ட அதே மாது, வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யுமாறு கேட்டார்கள். நாயகமும் துஆச் செய்தார்கள். பொறுமையாளரும் தம்மால் தாங்க இயலாத தீங்கை நீக்கிக்கொள்ள வழி தேடுகிறார் என்பதை இதிலிருந்து அறிகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்குச் சுவர்க்கத்தின் நற்செய்தி ரஸூலின் திருவாயாலேயே கிடைத்தது. நம்மில் யாருக்கு அந்த உத்தரவாதம் இருக்கிறது?

இரண்டாவது, காரணங்கள் யாவும் ஒரே தரத்தவை அல்ல. ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிய பாடத்தில் இவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பசிக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர் போல உறுதியாகப் பலன் தருபவை முதல் வகை. இவற்றை விடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு அஞ்சும் நிலையில் விடுவது ஹராம். பெரும்பாலும் பலன் தரும் என எண்ணத்தக்க மருத்துவம் இரண்டாம் வகை. அதைச் செய்வது தவக்குலுக்கு மாற்றமன்று. சிலருக்குச் சில நிலைகளில் விடுவதும் ஆகும். வெறும் ஊகத்தில் நிற்பவை மூன்றாம் வகை. சாதாரண ஜலதோஷத்துக்கு உண்ணும் மருந்து இரண்டாம் வகை என்றால், இருமுறை இரத்தம் உறைந்து, பிறவிக் குறையும் உறுதியான ஒருவருக்கு இந்த மாத்திரை முதல் வகையின் வாசலில் வந்து நிற்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

அப்படியானால் தவக்குலுக்கு இடம் எங்கே? இம்மருந்தின் வரலாறே அதைக் காட்டும். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. அதை ஆராய்ந்ததன் பலனாக வந்த வார்ஃபரின் 1948-ல் எலி விஷமாக விற்கப்பட்டது. 1954-ல் மனிதருக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. விஷமும் மருந்தும் ஒன்றே, அளவுதான் வேறு. ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், மிகுந்தால் கசியும். திடீரென்று கீரையை மிகுதியாக உண்டாலும் கணக்கு மாறும். இரண்டு ஆபத்துகளுக்கு நடுவே தினமும் நடக்கும் மனிதர், மாத்திரையை விழுங்கியபின் அதன் பலனைத் தம் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாரா? இல்லையே! மாத்திரைக்குப் பிறகும் ரப்பையே நம்பி உறங்கப் போகிறாரே, அதுவன்றோ தவக்குல்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படி அண்ணலார் கற்றுக்கொடுத்த பாடமும் இதுவே.

மூன்றாவது, நம்மைப் போன்றோருக்கு உள்ள எச்சரிக்கை. தலையில் காயம்பட்ட ஒருவர் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய அனுமதியில்லை என்று தோழர்கள் கூற, அவர் குளித்து மவுத்தானார். அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததாக அபூதாவூதில் வருகிறது. அந்த ஹதீஸை எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அது நம்மையே பார்த்துப் பேசும் என்று நினைத்ததில்லை.

இம்மருந்தை உண்போருக்குச் சில வார்த்தைகள். நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையை நோன்பு திறந்தபின் இரவில் உண்ணலாமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. ஹிஜாமா செய்யுமுன் மருந்தைப் பற்றிக் கட்டாயம் சொல்க. ஈறில் இரத்தம் கசிந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியாது. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீரை மிகைத்தால் முறியும். எப்படியும் வாயைச் சுத்தம் செய்துகொண்டே தொழ வேண்டும். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுக. வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும். அதற்குப் பதிலாகத் தரப்படும் ஹெபாரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் ஷரீஅத் அதற்கு இடமளிக்கிறது.

அந்தத் தாய்க்கு நம் பதில் இதுதான்: அம்மா, உங்கள் பிள்ளையின் ஈமானில் குறையில்லை. குறை, நாம் பாதியில் நிறுத்திய பயானில் இருந்தது. இதை அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் சொன்னோம். அவர் இப்போது இஷாவுக்குப் பின் பிஸ்மில்லாஹ் சொல்லி மாத்திரையை உண்கிறார்.

வல்ல நாயன் நமக்கு அறிந்து பேசும் நாவையும், அமானிதமான இவ்வுடலைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.