ஒன்றுக்கு முப்பத்திரண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, போர்ட்டிகோவில் நிற்கும் எங்கள் ஹெரால்டு காரின் கதவடியில் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து எடுத்தேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் ஜீப்புக்கு நாலே மயிர் உள்ள தூரிகையால் துருப் பூசிக்கொண்டிருந்தேன். காவியில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து, பம்பருக்கு அடியில், நிஜத்தில் தண்ணீர் தேங்கக்கூடிய இடமாகப் பார்த்து. காபி கொண்டுவந்து வைத்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"காலையில எடுத்ததைத்தான் இங்க ஒட்டுறியா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. சின்னதில் முதுமையை ரசித்து ரசித்துப் பூசுகிறவன், பெரியதில் அதைக் கண்டால் ஏன் உப்புத்தாளைத் தூக்குகிறான்?

எங்கள் ஹெரால்டு 1966ஆம் வருடத்து வண்டி. அப்பா 1974இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அவர் போன பிறகு என் பொறுப்புக்கு வந்தது. அப்பாவுக்குச் செய்த வைத்தியத்தைவிட அவர் வண்டிக்குச் செய்ததுதான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். கணக்குப் பார்க்கப் பயம், அதனால் நான் வாதிடுவதில்லை.

இந்தக் கார் பிறந்த கதையே ஒரு மாடல் கிட்டின் கதைதான். இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்–ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. அதை 1953இல் போட்டிக்காரரான பி.எம்.சி. வாங்கிப் போட்டுவிட்டது. புது காருக்கு முழுக்கூட்டை ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. சரி, துண்டு துண்டாகச் செய்துகொள்வோம் என்று இறங்கினார்கள். அடியில் தனி சேசிஸ். மேலே கூரை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் தனித்தனியாக வந்து போல்ட்டில் பூட்டிக்கொள்ளும். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வண்டியை அறிமுகம் செய்தபோது, மேடையிலேயே ஆட்கள் பாகங்களைப் பூட்டிச் சில நிமிடங்களில் முழுக் காராக்கிக் காட்டினார்கள். கச்சேரி நடக்கிற மேடையில் ஸ்பானர் சத்தம் கேட்டிருக்கிறது!

துண்டாகச் செய்த பொருளைப் பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்புவது சுலபம். 1961இல் நம் சென்னையிலும் ஹெரால்டு தயாராகத் தொடங்கியது. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி செய்தது. ட்ரையம்ப் என்ற பெயர் போய் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. பிற்பாடு நாலு கதவு வைத்த ஹெரால்டு ஒன்றையும் இங்கே செய்தார்கள். இங்கிலாந்தில்கூட அப்படி ஒன்று விற்பனைக்கு வரவில்லை. தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை நின்ற நிலத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர்கள்.

நாலு வருடம் முன்பு லண்டனிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான். "மாமா, உங்க கார்!" ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/32 அளவு ட்ரையம்ப் ஹெரால்டு கிட். துண்டுகளாகப் பிறந்த காரைத் துண்டுகளாகவே சுருக்கியிருந்தார்கள். அதுவரை ஜீப்பும் டாங்கியும் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, முதல்முறையாக ஒரே வண்டி இரண்டு அளவில் வீட்டுக்குள் வந்தது.

அளவு என்பதை இந்தப் பொழுதுபோக்கில் இல்லாதவர்கள் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள். நீளம் முப்பத்திரண்டில் ஒன்று; 3.89 மீட்டர் கார் 12 சென்டிமீட்டராகிறது. எடையும் அப்படியே சுருங்கும் என்று நினைத்தால் தப்பு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 32ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும். ஏறத்தாழ 800 கிலோ வண்டி 24 கிராமுக்கு இறங்கிவிடும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பெயின்ட்டோ சுருங்கவே மாட்டேன் என்கிறது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்கு அடித்துவிட்டால், நிஜ வண்டியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் அப்பியதற்குச் சமம். பனெட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள கோடெல்லாம் மூழ்கி, கார் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஈரப்பெயின்ட்டில் ஒரு தலைமயிர் விழுந்தால் சாலையில் கிடக்கும் கயிறு. ஆகவே தண்ணியாகக் கரைத்து, ஏர்பிரஷில் ஊதி, காயவிட்டு, மறுபடி ஊதி. ஒரு கதவுக்கு ஒரு வாரம்கூடப் போகும்.

சுருங்காத இன்னொன்று சென்னையின் காற்று. ஐப்பசி மழையில் லாக்கர் பெயின்ட்டை ஊதினால் காற்றிலுள்ள ஈரம் படிந்து, மேலே பால் கொட்டியதுபோல் வெளுத்துப் போகும். முதல் ஹெரால்டு பாடியை அப்படித்தான் கெடுத்தேன். புதுப்பேட்டையில் எங்கள் வண்டியைப் பார்க்கும் பாயிடம் புலம்பியபோது, "மழைக்காலத்துல நாங்களே பெயின்ட்ட தொடமாட்டோம் தம்பி, நீங்க பொம்மைக்கு அடிக்கிறீங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தொழிலில் சம மரியாதை கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

இனி, சொல்ல வேண்டும் என்று நினைத்தும் தள்ளிப் போட்டுவந்த விஷயம்.

அப்பா போன மறுவருடம், வண்டியை முழுதாகப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்தேன். பாயிடம் போகவில்லை. "அவர் பழைய ஆள், ஒட்டுப்போட்டே ஓட்டுவார்" என்று நினைத்து, பழைய கார்களை ஷோரூம் நிலைக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் விட்டேன். எட்டு மாதம். பாடியைக் கழற்றி, பழைய பெயின்ட்டை உலோகம் தெரியச் சுரண்டி, டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டுத் தேய்த்து, ஆறு கோட் அடித்துக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. முன்பக்கம் பனெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். அதைத் திறந்து காட்டி, இன்ஜின் பார்க்கும்போது டயர்மேலேயே உட்காரலாம் என்று பையன்களுக்கு உட்கார்ந்தும் காட்டினேன்.

அம்மா வாசற்படி இறங்கி வந்தாள். டிரைவர் பக்கம் போனாள். ஜன்னல் விளிம்பில் கையை வைத்து எதையோ தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு வீட்டு வண்டி மாதிரியோ இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எவ்வளவு செலவு செய்திருக்கிறேன்! இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அப்பா எப்போதும் வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். முப்பத்தைந்து வருடம். அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீலம் மங்கி, அடியிலிருந்த சாம்பல் பிரைமர் தெரியும். தொட்டால் வழவழவென்று இருக்கும். நான் பட்டறைக்காரரிடம் கொடுத்த குறைகளின் பட்டியலில் ஏழாவதாக அதை எழுதியிருந்தேன்: "டிரைவர் கதவு, பெயின்ட் தேய்மானம்."

கோயில் திருப்பணி என்று கல் தூணில் மணல் வீச்சு அடித்து, எழுத்து மழுங்கிப்போன கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான்கூட ஆத்திரப்பட்டிருக்கிறேன். அந்த ஒப்பந்தக்காரரும் சுத்தம் செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அவர் கையிலும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

அதன் பிறகு வண்டி பாயிடமே திரும்பிப் போனது. அவர் பழைய ஆள்தான். பெட்ரோலில் எத்தனால் கலந்து வர ஆரம்பித்ததிலிருந்து பழைய ரப்பர் குழாய்களைச் சும்மா விடுவதில்லை. விரலால் அமுக்கிப் பார்த்து, பிசுபிசுத்தால் உடனே மாற்றிவிடுவார். பிரேக்கில் துளி சமரசம் கிடையாது. கதவில் கீறல் இருந்தால் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். கேட்டால், "அது வண்டிய நிறுத்தாதுல்ல?" என்பார்.

அரசாங்கத்தின் பார்வை வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களையும் இருசக்கர வாகனங்களையும் விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். நண்பர்கள் பதியச் சொன்னார்கள், நான் போகவில்லை. ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, வியாழக்கிழமை காய்கறிக்கும், அம்மாவின் கண் டாக்டருக்கும் அதிலேயே போய்வருகிறோம். காட்சிக்கு வைக்க என்னிடம் 12 சென்டிமீட்டரில் ஒன்று இருக்கிறதே.

எனக்குள் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறான். சுவரில் சட்டம் ஒரு நூல் சாய்ந்தாலும் கண்டுபிடிப்பான். தோசை வட்டமாக இல்லை என்பான். மகளின் ஐந்தாம் வகுப்புப் படத்தை வாங்கிச் சக்கரத்தைச் சரிபண்ணிக் கொடுத்தவன் அவன்தான். அவள் அதற்குப் பிறகு எனக்குப் படம் காட்டவே இல்லை. இவனைத் துரத்திப் பார்த்தேன், முடியவில்லை. இப்போது அவனுக்கு மாடல் மேசையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் பெயின்ட்டைக் கரைத்து எடுத்துவிட்டு நாலாம் முறை அடிக்கட்டும். பிளாஸ்டிக் யார் முகத்தையும் பார்த்து வாடிப்போவதில்லை.

மாடல் உலகில் பெரிய மனிதரான ஷுன்சாகு தமியாவைப் பற்றி ஒரு கதை உண்டு. 1976இல் வெளிவந்த 1/12 அளவு போர்ஷே கிட்டுக்காக அளவெடுக்க, அவர் நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் போட்டார். பிரித்ததைத் திரும்பப் பூட்ட போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க வேண்டியிருந்தது என்பார்கள். சின்னதைச் சரியாகச் செய்வதற்காகப் பெரியதைக் குலைத்தவர். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு ஆறுதல்.

போன வருடம் மகளுக்கு லைசென்ஸ் வந்தது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் சந்தில் அதைவிட வசதியான வண்டி கிடையாது. அந்தத் தைரியத்தில் ஒரே மூச்சில் திருப்பி, பின் மட்கார்டைக் கேட் தூணில் உரசிவிட்டாள். ஒரு முழ நீளக் கோடு. இறங்கி வந்தவள் என் முகத்தைத்தான் பார்த்தாள், வண்டியைப் பார்க்கவில்லை. "பிரேக் சரியா பிடிச்சுதா?" என்று கேட்டேன். பிடித்தது என்றாள். அன்றிரவு இரண்டு மணி வரை மேசையில் உட்கார்ந்து, ஏற்கெனவே நன்றாக இருந்த ஒரு மாடல் கதவின் பெயின்ட்டைக் கரைத்து மறுபடி அடித்தேன். அந்தக் கோடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. துரு ஏறாமல் வார்னிஷ் மட்டும் தொட்டுவிட்டிருக்கிறேன்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஜீப்பில் நான் பூசுவது யாருடைய துருவும் இல்லை. அந்த ஜீப் எந்த மழையிலும் நனையவில்லை. அதனால்தான் கை கூசாமல் பூச முடிகிறது. ஹெரால்டில் தேய்த்து எடுத்ததோ தகட்டைத் தின்கிற நிஜத் துரு. அதை எடுக்கத்தான் வேண்டும். தின்கிற துருவையும், ஒரு மனிதர் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த தேய்மானத்தையும் ஒரே பட்டியலில் எழுதியதுதான் நான் செய்த தப்பு.

ஏர்ஃபிக்ஸ் ஹெரால்டை எங்கள் வண்டியின் நீலத்தில் முடித்தபோது, அந்த முழங்கை இடத்தையும் வைத்துப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. கணக்குப் போட்டால் ஏழு மில்லிமீட்டர். பல் குத்தும் குச்சியின் நுனியில் உப்புத்தாள் துணுக்கை ஒட்டி, மூன்று இரவுகள் முயன்றேன். மூன்று முறையும் பெயின்ட் உரிந்துபோன மாதிரிதான் இருந்தது. கடைசியில் சூப்பர்வைசரிடமே விட்டுவிட்டேன். அலமாரிக் கண்ணாடிக்குள் இப்போது பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் ஸ்கூட்டரோ, அப்பாவின் அம்பாசிடரோ தார்பாய்க்கு அடியில் கிடக்கலாம். புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் நல்லது, செய்யுங்கள். பட்டறைக்கு ஏற்றுவதற்கு முன் வீட்டில் இருக்கும் மூத்தவர்களை ஒருமுறை அதில் உட்கார வையுங்கள். அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பட்டியலை எழுதுங்கள்.