கைப்பேசியும் அமானிதமும்



வல்ல அல்லாஹ் தன் திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தில் மூன்று தீமைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத் தடுக்கின்றான். வீண் சந்தேகம், பிறரைத் துருவி ஆராய்தல், புறம் பேசுதல் என்பவையே அவை. சந்தேகம் துருவலில் கொண்டுபோய் விடுகிறது. துருவிக் கண்டது நாவில் வந்து விழுகிறது. நடுவில் நிற்கும் அந்தத் துருவலுக்குத்தான் அரபியில் 'தஜஸ்ஸுஸ்' என்று பெயர். சூரத்துந் நூரின் 27ஆம் வசனமோ, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழைவதையே தடுத்துவிடுகின்றது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஆலிம்கள் எடுத்துச் சொல்லும் சம்பவம் ஒன்றுண்டு. இரவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு, சுவரேறிக் குதித்து, மதுவுடன் இருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அந்த மனிதரோ, தாம் செய்தது ஒரு பாவம் என்றும், கலீஃபா செய்தவை மூன்று என்றும் எடுத்துக் காட்டினார்: துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதி கேளாதது. நீதிக்குப் பெயர்பெற்ற உமர் (ரலி) அவர்கள் அதை ஒப்புக்கொண்டு அவரை மன்னித்துத் திரும்பினார்கள் என்பது வரலாறு. நாட்டையாளும் கலீஃபாவுக்கே சுவரேற உரிமையில்லை என்றால், வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இன்று நம் சட்டைப் பையிலேயே அந்தச் சுவரேற்றம் நடந்துகொண்டிருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் தன் 'லைக்' பொத்தானைப் பிறருடைய இணையத்தளங்களிலும் வைக்கச் செய்தது. அந்தப் பொத்தானை நாம் அழுத்தினால்தான் செய்தி போகும் என்று பலர் எண்ணினர். அப்படியன்று. பக்கம் திறக்கும்போதே பொத்தானின் படம் ஃபேஸ்புக்கின் கணினியிலிருந்து வந்தது. அதைக் கேட்டு வாங்கும் வேளையில், நம் உலாவியில் முன்பே வைக்கப்பட்ட 'குக்கீ' என்னும் அடையாளச் சீட்டும் உடன் சென்றது. இன்னார் இந்நேரத்தில் இந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பது அங்கே பதிவாகிவிட்டது. பின்னர் வந்த 'பிக்சல்' என்பதோ கண்ணுக்கே தெரியாது. ஒரு சகோதரி தம் நோய்க்கு மருந்து தேடுகிறார். ஒருவர் கடன் தீர்க்க வழி தேடுகிறார். கணவனிடமும் மனைவியிடமும் கூடச் சொல்லாத அந்தக் கவலையை விளம்பர வியாபாரி அறிந்துகொள்கிறான்.

தொழுகையின் பெயராலும் இது நடந்தது என்பதுதான் வேதனை. தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலி, உலகெங்கும் 9.8 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டதாகும். அதைப் பயன்படுத்தியோரின் இருப்பிட விவரங்கள் 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்திற்குச் சென்றதையும், அந்நிறுவனத்திடம் விவரம் வாங்கியவர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்ததையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் வெளிக்கொணர்ந்தது. இராணுவத்திற்குத் தாங்கள் நேரடியாக விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், அந்தத் தரகருடன் இருந்த தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்குச் சென்றுவருவோரின் இருப்பிட விவரத்தை அந்தத் தரகு நிறுவனம் விற்பதற்குத் தடை விதித்தது. நாம் எந்தப் பள்ளிவாசலுக்கு எந்த வக்தில் சென்றோம் என்பதும் சந்தையில் விலைபோகும் சரக்காகிவிட்டது!

"தடுப்பதற்குக் கருவிகள் உண்டே!" என்று இளைஞர்கள் கூறுவார்கள். உண்டு, அவற்றால் பயனும் உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவி 2019 முதல் பின்தொடரும் பிறதளக் குக்கீகளையும், ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் எல்லாப் பிறதளக் குக்கீகளையும் தாமாகவே தடுக்கத் தொடங்கின. 2021 ஏப்ரல் முதல் ஆப்பிள் கைப்பேசிகளில், பின்தொடர விரும்பும் செயலி முதலில் அனுமதி கேட்டாக வேண்டும் என்றாயிற்று. இதனால் 2022இல் தனக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே கூறியது. அனுமதி கேள் என்ற ஒரு சொல்லுக்கே இத்தனை விலை! ஆனால் குரோம் உலாவியில் இத்தகைய குக்கீகளை ஒழிப்பதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

தடுப்பின் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். குக்கீயைத் தடுத்தாலும், திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் வகை ஆகியவற்றைச் சேர்த்துக் கைரேகைபோல அடையாளம் காண்கிறார்கள். 2010இல் மின்னணு எல்லை அறக்கட்டளை நடத்திய சோதனையில், வந்த உலாவிகளில் 83.6 சதவீதம் மற்றெதனோடும் ஒவ்வாத தனி அடையாளம் கொண்டிருந்தன. கடைக்காரர் தம் கணினியிலிருந்தே நேராக மெட்டாவுக்கு நாம் வாங்கிய விவரத்தை அனுப்பும் வழியும் உண்டு. அதை நம் கைப்பேசியில் உள்ள எந்தத் தடுப்பும் காணாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உலாவிக்குள் இருக்கும் பிக்சல், அதே கைப்பேசியிலுள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளோடு உள்ளுக்குள்ளேயே தொடர்புகொண்டு ஆளை அடையாளம் காட்டியதை 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். குக்கீயை அழித்தவரும், மறைவு முறையில் உலாவியவரும் கூட அதற்குத் தப்பவில்லை. செய்தி வெளியானதும் மெட்டா அதை நிறுத்தியது.

இவை எல்லாவற்றையும் அடைத்துவிட்டாலும் இரண்டு வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. ஒன்று, நாமாகவே கொடுப்பது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 58,000 பேர் அழுத்திய லைக்குகளை மட்டும் வைத்து, ஒருவர் கிறிஸ்தவரா முஸ்லிமா என்பதை 82 சதவீதம் சரியாகக் கணிக்க முடிந்தது. இரண்டாவது, பிறர் நம்மைக் கொடுத்துவிடுவது. ஃபேஸ்புக்கில் சேராதவர்களைப் பற்றியும் விவரம் திரட்டப்படுவதை 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் மார்க் சக்கர்பெர்க் ஒப்புக்கொண்டார். கணக்கே இல்லாதவரின் பெயரும் எண்ணும் எப்படிப் போகின்றன? அவரைத் தெரிந்த ஒருவர் தம் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலை ஒரே அழுத்தலில் ஏற்றிவிடுகிறார். போய்விட்டன!

அன்பர்களே! இங்கேதான் நம் மார்க்கம் நம்மைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கிறது. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாரானால், அச்செய்தி கேட்டவரிடம் அமானிதமாகிவிடுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. "யாரிடமும் சொல்லாதே" என்று வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலே போதும். அப்படியானால் நம்மை நம்பித் தந்த தொலைபேசி எண், குடும்பக் குழுவில் வந்த மணப்பெண்ணின் படம், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் படம் இவையெல்லாம் அமானிதமல்லவா? ஜகாத் அரிசி வாங்கும் ஏழை விதவையின் முகத்தைப் படம்பிடித்துப் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடுகிறார்களே, அந்த முகம் அந்தக் கம்பெனியின் ஏட்டில் பதிவாவதற்கு அவரிடம் அனுமதி கேட்டது யார்? ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே மேல் என்று சூரத்துல் பகராவின் 271ஆம் வசனம் போதிக்கும்போது, நம் தர்மத்திற்கு ஏன் இந்த விளம்பரம்?

"அல்லாஹ்தான் எல்லாவற்றையும் பார்க்கிறானே, மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவரும் உண்டு. சகோதரரே! அல்லாஹ் பார்க்கிறான், பார்த்தும் அடியானின் குறையை மறைக்கிறான், தவ்பாச் செய்தால் அழித்தும் விடுகிறான். இவர்களோ பார்ப்பதை விற்கிறார்கள். படைத்தவனின் பார்வையையும் தரகரின் பார்வையையும் ஒன்றாக எண்ணலாமா?

முழுவதும் தடுக்க முடியாது என்பதால் சும்மா இருந்துவிடவும் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். நம் கையில் இருக்கும் கயிறுகள் இவை: செயலிகளுக்கு இருப்பிட அனுமதியை மறுத்துவிடுங்கள், தொழுகை நேரத்திற்கு ஊர்ப் பெயரைக் கொடுத்தாலே போதும், பள்ளிவாசல் நாட்காட்டியும் இருக்கிறது. தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிக்குக் கொடுக்காதீர்கள். பின்தொடர்வதைத் தடுக்கும் உலாவியைப் பயன்படுத்துங்கள். பிறர் படத்தைப் போடுமுன் அவரிடம் கேளுங்கள்; கேட்க முடியாவிட்டால் போடாதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகள், உதவி பெறுவோரின் முகங்களை வெளியிடுவதை இன்றே நிறுத்த வேண்டும்.

பிறர் நம்மைத் துருவுவதை ஓரளவே நம்மால் தடுக்க இயலும். ஆனால் நம் கையால் ஒரு முஸ்லிமின், ஒரு அண்டை வீட்டாரின் மறைவு கலையாமல் காப்பது முழுக்க நம் பொறுப்பு. மறுமையில் கேள்வி கேட்கப்படுவது அதைப் பற்றித்தான்.

குறைகளை மறைக்கும் ரஹ்மான், நம் குறைகளை ஈருலகிலும் மறைத்து, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடக்க நல்லருள் புரிவானாக! ஆமீன்.