வாத்தியார் செய்த தருமம்

நம் நிழல் தாங்கலில் முப்பது வருடத்துக்கு மேலாக ஊழியம் செய்த வாத்தியார், தமது 91-வது வயதில் அய்யாவின் பாதம் சேர்ந்துவிட்டார். அவருடைய படத்தைத் தாங்கலில் மாட்டவேண்டும் என்று மக்களில் சிலர் கேட்கிறார்கள். அன்பினால் கேட்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நீண்ட ஆயுளை நாம் எப்படி நினைக்கவேண்டும் என்பதை அய்யாவின் வழியில் நின்று யோசித்துப் பார்ப்போம்.

பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற மறுநாளே வாரியலை எடுத்தவர் அவர். முற்றம் பெருக்குவார், கிணற்றில் தண்ணீர் கோருவார், இனிமம் கொடுக்கும்போது வரிசையில் கடைசியாக நிற்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைத் தரையில் கூட்டிவைத்து, தாமும் தரையிலேயே உட்கார்ந்து அகிலத்திரட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார். சேர்ந்து கிடக்கிற சொல்லைப் பிரித்துக் காட்டி, அர்த்தம் விளங்கிய பிறகே ராகத்தோடு வாசிக்கவிடுவார்.

இதை ஏதோ ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டாம். நம் முன்னோர் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தலையில் துணி கட்டக்கூடாது என்று திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட காலத்தில்தான் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லாரையும் ஒன்றாக நீராட வைத்தார். அந்நாளில் தாங்கல்கள் பல, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் இடமாகவும் இருந்தன. 1841-ல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலம், 1939-ல்தான் அச்சில் வந்தது. அதுவரைக்கும் ஓலையைப் பார்த்து ஓலை எழுதியும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டும் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. அப்படி வாசித்தவர்களின் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவர்கள் வாசித்தது இருக்கிறது.

ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்த ஒரு அம்மா, அறுபது வயது தாண்டியபின் வாத்தியாரிடம் வந்து, "எனக்கும் எழுத்துப் படியுமா சாரே?" என்று கேட்டார். "நாளைக்கு ஒரு எழுத்து, அதுபோதும்" என்றார் அவர். ஒன்றரை வருடம் ஆயிற்று. இன்று திருஏடு வாசிப்பில் அந்த அம்மா புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கூடவே வாசித்து வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கித் தூக்குவதே தருமம் என்று அய்யா சொன்னதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

பிள்ளை நன்றாக வாசிக்கிறதே என்று சந்தோஷப்பட்டுப் பணம் கொண்டுவருவார்கள். "காணிக்கை வேண்டாம் என்ற அய்யாவின் முற்றத்தில் இருந்து கூலி வாங்கலாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அனுப்புங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசி வருடங்களில் கண் மங்கிவிட்டது. ஆனாலும் சுவரில் சாய்ந்திருந்து கேட்பார். ஒரு 'ழ' பிசகினால் கை உயரும். பிள்ளை திருத்தி வாசித்ததும் கை இறங்கும். ஒருநாளும் ஒரு பிள்ளையை அடித்ததில்லை, ஏசினதும் இல்லை.

இனி படத்தின் காரியம். நம் பள்ளியறையில் உருவச் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. உன்னுள்ளே இருக்கிற இறைவனைக் காண் என்று அய்யா நமக்கு வைத்துக்கொடுத்தது அது. அப்படிப்பட்ட இடத்தில் மனிதனின் படத்தை மாட்டி மாலை போட்டால், வாத்தியார் நமக்குச் சொல்லித்தந்த பாடத்தையே நாம் மறந்தவர்கள் ஆவோம். அவர் உயிரோடு இருந்தபோதே பொன்னாடை வேண்டாம் என்று கைகூப்பியவர்.

91 வருடம் வாழ்வது அய்யா தந்த வரம். அந்த வருடங்களைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. மக்களே, கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு வருகிறது. நம் தாங்கலில் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர் ஐந்து பேர். அதில் மூன்று பேர் எழுபதைத் தாண்டியவர்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அந்த ஏட்டை யார் கையில் எடுப்பது?

ஆகவே படத்துக்கு ஆகும் பணத்தில் அகிலத்திரட்டுப் புத்தகம் வாங்குவோம். வருகிற ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். பிள்ளை இல்லாதவர்கள் நீங்களே வாருங்கள், வயது பார்க்கவேண்டாம். வாத்தியார் இருந்த இடத்தில் பாய் விரித்து வைத்திருக்கிறோம்.

அய்யா உண்டு!