நினைவில் இல்லாத ஆசிரியை

எல்.கே.ஜி. வகுப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று நிச்சயம். காலையிலிருந்து மடியிலும் முந்தானையிலும் தொற்றிக்கொண்டு கிடந்த பிள்ளைகளுக்கு, வளர்ந்தபின் நம் முகம் நினைவிருக்காது. பெரும்பாலோரின் முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதுவாக்கில்தான் தொடங்குகிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அடுத்த சில வருஷங்களும் துண்டு துண்டாகத்தான் தங்கும். நாங்கள் அவர்களோடு இருந்தது சரியாக அந்த வயதில்.

அப்படியானால் அந்த உழைப்பெல்லாம் எங்கே போகிறது? வேலையை விட்ட பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஜூன் மாதத்தில் ஓங்கி அழுகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். சுவரோரம் நின்றபடி, தோளில் மாட்டிய பையை இறக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைதான் மனசை அறுக்கும். இறக்கினால் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான் என்று அதற்குத் தெரியும். எங்கள் ஆயாம்மா அந்தப் பையைத் தொடவே மாட்டார். "இருக்கட்டும் மிஸ், அதுவா இறக்கும்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து கலர் மணிகளை நூலில் கோப்பார். ஒன்றிரண்டை அதன் பக்கம் உருட்டிவிடுவார். சில நாளில் பை தரையில் கிடக்கும், பிள்ளை மணி கோத்துக்கொண்டிருக்கும். நான் படித்த பயிற்சியில் இதற்கு ஈடான பாடம் ஒன்றும் இல்லை.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் முறையில், பொத்தான் போடவும் நாடா கட்டவும் பழக, துணி பொருத்திய மரச்சட்டங்கள் உண்டு. எங்களிடம் அவை கிடையாது. நாற்காலி முதுகில் ஒரு பழைய சட்டையை மாட்டிவிடுவோம். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரே பொத்தானோடு மல்லுக்கட்டும் பிள்ளையை, குறுக்கே கை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை.

சாயங்காலம் வாசலில் பெற்றோர் கேட்பது, "எழுத ஆரம்பிச்சுட்டானா மிஸ்?" அவர்கள்மேல் கோபமில்லை. ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு நோட்டில் ஏதாவது தெரிய வேண்டியிருக்கிறது. ஆனால் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் பல, அந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைப்பதைக் கொடுமை என்றே சொல்வேன். களிமண் பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும், மண்ணில் விரலால் கோலம் போடட்டும். எழுத்து எங்கும் ஓடிப்போகாது.

முகமும் பெயரும் மறைந்தாலும் கை பழகியது மறைவதில்லை. அது வேறு வகை நினைவு. தன் சட்டைக்குப் பொத்தான் போடும் எந்தப் பெரியவருக்காவது, அதை யார் கற்றுத்தந்தார் என்று தெரியுமா? அழுதால் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையும் அப்படித்தான் உள்ளே எங்கோ படிந்திருக்கும் என்று நம்புகிறேன். என்னை மறந்துபோவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஆயாம்மாவையும் மறந்துபோவார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், டிபன் டப்பாவை யார் திறக்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். இறுகிய மூடியோடு ஒரு பிள்ளை போராடும்போது, பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அங்கேயே சேர்த்துவிடலாம்.